நாரந்தனையிலிருந்து ஒரு விண்ணப்பம்

கொழும்பு மாநகரின் பெருஞ் சட்ட நிறுவனங்களை நடத்தும் மகா கனம் பொருந்திய பங்காளர்களுக்கு,

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையும் சரவணையும் தாண்டி வந்தால் மட்டுமே கண்ணிற்படும் நாரந்தனையில் வசிக்கும் அடியேன், தங்கள் விவேகத்தை வியந்து எழுதிக்கொள்வது.

நியூயோர்க்கிலுள்ள ஸ்காடன் என்னும் சட்ட நிறுவனம், 1988இல் தன் நாற்பதாவது ஆண்டு நிறைவை விருந்தோடு முடித்துக்கொள்ளாமல், புதிதாகத் தேறிய சட்டத்தரணிகள் ஏழைகளுக்காக இரண்டாண்டு உழைப்பதற்குத் தானே சம்பளங் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி, இன்றளவும் அதை விடாது நடத்திவருகிறதாம். அந்த ஊதாரித்தனத்தின் காற்றுப் பண்ணைக் கடலைத் தாண்டி எங்கள் பக்கம் வீசாதபடி தாங்கள் காத்துவருவது மெச்சத்தக்கதே.

ஆயினும் இங்கே ஒரு சிறு தொல்லை. தேசவழமை என்னும் யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்துக்குட்பட்ட மனைவி, தன் சீதனக் காணியேயாயினும், கணவனுடைய எழுத்துமூலச் சம்மதமின்றி அதை விற்கவோ நன்கொடையாக எழுதவோ இயலாதென்பது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். யுத்தகாலத்தில் காணாமலாக்கப்பட்ட கணவன் எந்த நொத்தாரிசின் மேசைக்கு வந்து கையொப்பமிடுவான்? சட்டம் இதை யோசியாமலில்லை. இருப்பிடம் அறியப்படாத கணவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே சம்மதம் வழங்கலாமென்று அதிலேயே எழுதியிருக்கிறது. வாசல் திறந்தேயிருக்கிறது, உள்ளே அழைத்துச் செல்பவருக்குத்தான் கட்டணம். மரணசாசனத்துக்குக் கணவன் சம்மதம் வேண்டாமென்றும் அதே சட்டம் கூறுவதால், மகளுக்குக் காணி கொடுக்க விரும்பும் ஏழைத்தாய் செலவின்றிச் செய்யக்கூடியது விரைவில் இறந்துபோவதேயாகும். அதைச் சற்றுத் தாமதப்படுத்த விரும்புவோருக்கென 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டெனினும், தேசத்து ஏழைகள் அத்தனை பேரையும் அதன் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக உறங்குவது அவ்வளவு அழகன்று.

ஆகையால், சட்டக் கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவரும் இளைஞரோ யுவதியோ ஒருவரை, தங்கள் செலவில், இரண்டு வருஷத்துக்கு எங்கள் அருகிலுள்ள ஊர்காவற்றுறைக்கு அனுப்பிவைக்குமாறு பிரார்த்திக்கிறேன். காலம் போதாதென்று அஞ்சவேண்டாம். 2001இல் எங்களூரில் தேர்தற் பரப்புரைக்கு வந்தோர் மீது நிகழ்ந்த கொலைத் தாக்குதலுக்கு 2016இல் தீர்ப்பு வந்ததைக் கண்ட எங்களுக்கு இரண்டு வருஷம் ஒரு கணப்பொழுது.

தயைகூர்ந்து மறுமொழியைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் வந்தால் அதற்குப் பொருள் சொல்லவும் ஒரு சட்டத்தரணிக்குக் காசு கட்டவேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள
தீவகத்தான் ஒருவன்