மகப்பேற்று மூப்பிலக்கணம்

பாயிரம்

நுதலிய பொருள்: நாற்பதை ஒட்டிய தம்பதியர்க்குப் பிள்ளை பெற வயது கடந்ததா, இல்லையா என்பது. எல்லை: வடக்கே மாமியார் வீடு, தெற்கே தாய்வீடு, கிழக்கே கருத்தரிப்பு மையம், மேற்கே திருக்கருகாவூர். கேட்போர்: கேட்காமலே கருத்துச் சொல்லும் யாவரும். பயன்: கல்யாண வீட்டில் ‘விசேஷம் ஏதாவது உண்டா?’ என்பார்க்கு விடை கூறும் திறம். அது கைகூடாவிடில், முதல் பந்தியிலேயே உண்டு கிளம்பும் திறம்.

வயது ஒன்றே எனக் கொண்டனர் முன்னோர். அது பொருந்தாது. ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் ஐந்து வயது உண்டு. அவையாவன: கருமுட்டை வயது, சட்ட வயது, சுற்றத்தார் வயது, முழங்கால் வயது, பிள்ளைக்கணக்கு வயது. இவற்றுள் ஒன்றை மனத்துள் வைத்து இன்னொன்றைப் பேசுவதாலேயே இப்பொருளில் வழக்குகள் தீர்வதில்லை என்க.

1. கருமுட்டை வயது

இது எவர் பேச்சும் கேளாதது. பெண் தன் தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாய் இருக்கையிலேயே கருமுட்டைகள் 60, 70 லட்சம் என உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். பிறக்கையில் 10 முதல் 20 லட்சம். பூப்பெய்துகையில் 3, 4 லட்சம். புதிய வரவு கிடையாது, செலவு மட்டுமே.

எண்ணிக்கை வேறு, தரம் வேறு. ஏ.எம்.எச். என்னும் ரத்தப் பரிசோதனை மிச்ச இருப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரம் வயதின் பின்னே போகும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 30 வயதில் ஏறத்தாழ 1,000-க்கு 1. 35-இல் 350-க்கு 1. 40-இல் 100-க்கு 1. 45-இல் 30-க்கு 1. நாற்பதில் இதைப் படிப்போர் இருவகையர். அஞ்சுவோர் ‘நூற்றில் ஒன்று’ என்பர். துணிவோர் ‘நூற்றில் தொண்ணூற்றொன்பது’ என்பர். இருவர் கையிலும் ஒரே சீட்டுத்தான்.

முப்பத்தைந்தில் முதற்பிள்ளை சுமப்பவளை மருத்துவக் கோப்பு ‘எல்டர்லி பிரைமி’ என எழுதும். அதே நாளில் அலுவலகம் அவளை ‘ஜூனியர்’ என்னும்.

2. சட்ட வயது

இயற்கையாய்க் கருவுறுதற்குச் சட்டம் மேல்வரம்பு வைக்கவில்லை; சிகிச்சைக்கே வைத்தது. 2019-இல் ஆந்திரத்துக் குண்டூரில் எழுபதைக் கடந்த பெண்ணொருவர் ஐ.வி.எஃப். வழியே இரட்டைப் பிள்ளைகள் பெற்றார். 2021-இல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமோ பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 எனக் கோடு கிழித்தது. கருமுட்டை தானம் செய்வோர் 23 முதல் 35 வயதுக்குள் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் விதி. தானமுட்டையால் முதல் வகை வயதை ஏய்க்கலாம். சுமக்கும் உடம்பின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏய்க்க இயலாது.

தத்தெடுப்போர்க்கு வேறு விதி. 2022-இன் ஒழுங்குமுறைப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டின் தம்பதியர் இருவர் வயதும் சேர்ந்து 85-ஐத் தாண்டலாகாது. மனைவியின் வயதோடு கணவனின் வயதையும் கூட்டிப் பார்க்கும் அரிய நூல் இதுவே.

3. சுற்றத்தார் வயது

இருபத்தைந்தில் ‘இன்னும் என்ன தயக்கம்?’ என்றும், நாற்பதில் ‘இனிமேலா?’ என்றும் வரும். இவ்விரண்டுக்கும் நடுவே ‘இப்போது சரி’ என்னும் காலம் ஒன்று இருந்ததாக எவரும் அறிவித்திலர். இவ்வயதைக் கணிப்போர் மூவகையர்.

ஊக்குவோர்: தம் பாட்டி நாற்பத்தைந்தில் கடைக்குட்டியைப் பெற்ற கதை சொல்வோர். அக்கா மகனைவிட இளைய தாய்மாமன் இவர்கள் வீட்டில் தவறாது இருப்பார். பாட்டிக்கு அது ஒன்பதாவது பேறு என்பதை மட்டும் விட்டுவிடுவர்.

அச்சுறுத்துவோர்: ‘ஸ்கூல் வாசல்ல நின்னா, தாத்தா வந்திருக்காருன்னு சொல்லுவாங்க’ என்போர்.

புராணிகர்: அறுபதாயிரம் ஆண்டு வாழ்ந்த தசரதனையும், தொண்ணூறில் ஈசாக்கைப் பெற்ற சாராளையும் காட்டுவோர். மறுப்பு: தசரதனுக்கு யாகத்துப் பாயசம் இருந்தது, இரவில் எழுந்திருக்கச் செவிலியர் இருந்தனர்.

4. முழங்கால் வயது

தரையில் அமர்ந்து, கையூன்றாமல், ‘அப்பாடா’ என்னாமல் எழுதல் இதன் அளவை. இருபத்தெட்டிலும் தேறாதார் உளர், ஆதலின் விரித்திலம்.

5. பிள்ளைக்கணக்கு வயது

பெண்ணின் இன்றைய வயதை விடுத்து, பிள்ளைக்கு இருபது ஆகும்போது வீட்டில் யாருக்கு எத்தனை என எண்ணுவது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு ஓய்வு 60-இல். 42-இல் பெற்றால், பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் ஆண்டும் பெற்றோர் ஓய்வு பெறும் ஆண்டும் ஒன்று. பணிக்கொடை வந்த கையோடு கல்லூரிக் கட்டணமாய்ப் போகும். மணிவிழாவை முன்னின்று நடத்த வேண்டிய பிள்ளை, நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்து, குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டிய அம்மாவுக்கு அப்போது எழுபது. தாய்வீடு உதவிக்கு வரும் காலம் போய், தாய்வீட்டுக்கு உதவ வேண்டிய காலம் அது. ஒரே மாதத்தில் குழந்தைக்குத் தடுப்பூசியும் தாத்தாவுக்குக் கண்புரை அறுவையும் வரும். நாற்பதில் பெறுவோரைக் களைக்கச் செய்வது பெரும்பாலும் பிள்ளையன்று. இரு தலைமுறையை ஒரே கையால் தூக்குவதே.

ஆண்பால் விதி

மேற்கூறிய ஐந்தும் பெண்பாற்கே உரிய என்பர். அது வழு. ஆணின் விந்தணு நாள்தோறும் புதிதாய் உண்டாவது உண்மை. படியெடுக்கப் படியெடுக்கப் பிழை மிகுவதும் உண்மை. 2012-இல் வெளிவந்த ஐஸ்லாந்து ஆய்வு, தந்தையின் வயது ஓராண்டு கூடினால் பிள்ளையின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ இரண்டு புதிய மாற்றங்கள் கூடும் எனக் கண்டது. எனினும் எந்தக் கோப்பும் அவனை ‘எல்டர்லி’ என எழுதியதில்லை. ஐம்பதில் அவனுக்கு வேண்டுவது தலைமுடிச் சாயம் ஒன்றே என்பது உலக வழக்கு.

புறனடை

ஐந்தனுள் முதலாவதை மருத்துவரிடம் கேட்க, இரண்டாவதற்குக் கீழ்ப்படிக, நான்காவதைப் பொறுக்க, ஐந்தாவதைக் கணவனும் மனைவியும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுக, மூன்றாவதை விலக்குக. கூட்டிப் பார்த்தபின் ‘பெறுவோம்’ எனினும் ‘வேண்டாம்’ எனினும் இரண்டும் வழாநிலையே.

‘வயசாயிடுச்சே’ என்று சொல்லும் உரிமை, இரவு இரண்டு மணிப் பாலுக்கு எழ ஒப்புக்கொண்டார்க்கு மட்டுமே உண்டு. உரிமை வேண்டுவோர் முழங்கால் சான்றிதழை இணைத்து விண்ணப்பிக்க.