கடல் அட்டை உனக்குப் பங்காளி, அப்பு

வா அப்பு, இப்படித் திண்ணையில உக்காரு. விலங்கியல் முதல் வருசம் முடிச்சுட்டு வந்திருக்கே, சந்தோசம். வந்ததும் வராததுமா வலையில கெடந்த நண்டையும் கணவாயையும் காலால ஒதுக்கிட்டு, "முதுகெலும்பு இல்லாததுக"ன்னு இளக்காரமாச் சொன்னியே, அய்யா அதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சொல்லிக்க. படிச்ச பிள்ளை. ஆனா உலகத்துல உள்ள விலங்கினத்துல 100-க்கு 95-க்கு மேல அந்த இளக்காரக் கூட்டந்தான். லின்னேயஸ் பூச்சியை மட்டும் தனியாப் பிரிச்சுட்டு, மிச்சத்தை எல்லாம் "புழு"ன்னு ஒரே மூட்டையாக் கட்டிப் போட்டார். அதை அவுத்துப் பிரிச்சு அடுக்குனது பிரான்சுக்காரர் லாமார்க். அவரும் மொத்தத்துக்கும் வச்ச பேரு "முதுகெலும்பு இல்லாதவை". உன்னையும் எருமையையும் "றெக்கை இல்லாதவை"ன்னு ஒரே ரேசன் கார்டுல சேத்தா நீ ஒத்துக்குவியா? எருமை ஒத்துக்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? குருசடைத் தீவுக்குக் காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிப் போன வள்ளம் யாரோடது? உங்க வாத்திமாருக பிள்ளைகளுக்குக் கத்துன கத்துல, சுக்கான் பிடிச்சவனும் பாதி எம்.எஸ்ஸி. ஆயிட்டான். பிள்ளைக பாதிப் பேரு வாந்தி எடுத்துக்கிட்டு இருப்பாக, அதனால ஒழுங்காக் கேட்டது நான் மட்டுந்தான்.

சரி, உறவுமுறைக்கு வருவோம். நண்டுக்குக் கண்ணு இருக்கு, காலு இருக்கு, கோவம் வந்தா கொடுக்கைத் தூக்குது. கணவாய்க்கு மூணு இருதயம், நீல ரத்தம், புத்தியும் ஏராளம். கிட்டத்துச் சொந்தம்னு நீ நெனப்பே. ரெண்டும் இல்லை. மணல்ல மலந்து கெடக்கே கடல் அட்டை, அதுதான் உனக்குப் பங்காளி. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அதே வகையறா. பாடத்துல முட்தோலிகள்னு படிச்சிருப்பே.

மூஞ்சியைச் சுளிக்காதே. கருவுல மொதல்ல விழுகிற துவாரம் சிப்பி, சங்கு வகையறாவுக்குப் பொதுவா வாய்ப் பக்கம் போய் முடியும். முட்தோலிக்கும் நம்ம வம்சத்துக்கும் அது பின்வாசல் பக்கம் போகும், வாய் அப்புறந்தான் புதுசாத் திறக்கும். அதாவது நமக்கெல்லாம் வாயைவிடப் பின்வாசல் மூப்பு. உங்க சின்னத்தாத்தா பஞ்சாயத்துல பேசுறதைக் கேட்டவுகளுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது. கடல் அட்டை இன்னும் ஒருபடி மேல. மூச்சு விடுறதே அந்த வாசல் வழியாத்தான். சில சாதியில அதுக்குள்ள ஒரு சின்ன மீன் புகுந்து குடித்தனமே நடத்தும். ரொம்பத் தொந்தரவு பண்ணினா சில அட்டை குடலைக் கக்கி எறிஞ்சிட்டு, அப்புறம் புதுசா வளத்துக்கும். இப்பேர்ப்பட்ட பங்காளி மேல கை வச்சேன்னா ஜெயிலு. 2001-லயே அட்டை மொத்தத்தையும் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில, புலிக்குப் பக்கத்துல சேத்துட்டாக. நீ எந்த அட்டவணையில இருக்கே?

முழுசா வளந்தவனைப் பாத்து உறவு சொல்லக் கூடாது அப்பு, குஞ்சா இருந்தப்போ எப்படி இருந்தான்னு விசாரிக்கணும். அஞ்சு பக்கமும் கை விரிச்ச நட்சத்திர மீன், குஞ்சுப் பருவத்துல நம்மளாட்டம் இடம் வலம் உள்ளது. வள்ளத்து அடியில ஓட்டோட ஒட்டிக் கெடக்குமே கொட்டலசு, நம்மளைச் சுரண்டவச்சுக் கொல்லுமே, அதைச் சிப்பி சாதின்னே ரொம்ப நாளாச் சேத்து வச்சிருந்தாக. 1830-ல தாம்சன்னு ஒருத்தர் அதோட குஞ்சைப் பாத்துட்டு, "அட, இது இறால், நண்டுக்குச் சொந்தம்யா"ன்னு கண்டுபிடிச்சாரு. அப்புறம் டார்வின் அந்தக் கொட்டலசு ஒண்ணுக்கே 8 வருசம் செலவழிச்சாரு. நான் ஒரு நாள் சுரண்டுனதுக்கே சலிச்சுக்கிட்டேன்.

இப்ப உன் வீட்டு ஆளுக்கு வரேன். துறைமுகச் சுவத்துல தோல்பை கணக்கா ஒட்டிக்கிட்டு, தொட்டாத் தண்ணி பீச்சுமே, அசிடியன். மேல போத்தியிருக்கிற தோல்ல செல்லுலோசு, மரத்துல இருக்கிற அதே சரக்கு. தலையுமில்லை, வாலுமில்லை. இதையும் சிப்பி கூட்டத்துல தள்ளியிருந்தாக. 1866-ல ருசியாக்காரர் கோவலெவ்ஸ்கி குஞ்சைப் பாத்தாரு. தலைப்பிரட்டை மாதிரி நீந்துது, வாலுக்குள்ள முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாண், அதுக்கு மேல நரம்பு வடம். அசல் நம்ம வம்சம்! ஆனா கொஞ்ச நேரந்தான் நீச்சல். ஒரு இடம் பாத்துத் தலையை ஒட்டிக்கிட்டதும் வாலையும் முதுகுநாணையும் தானே கரைச்சுக்கும், நரம்புலயும் முக்கால்வாசி போயிரும். வேலை கெடச்சதும் நீ என்ன பண்ணப் போறேன்னு அய்யா பாக்கத்தானே போறேன்.

ஈட்டி முனை கணக்கா ரெண்டு பக்கமும் கூரா ஒரு ஆம்பியாக்சசு உண்டு. விரல் நீளங்கூட இராது, மணலுக்குள்ள முகத்தை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். 1774-ல பல்லாசுன்னு ஒருத்தர் அதை ஓடில்லாத நத்தைன்னு எழுதிட்டாரு. முதுகுநாண் மூக்கு வரைக்கும் ஓடுது, ஆயுசுக்கும் கரையாது. பாக்க மீனாட்டம் இருக்கிறதால இதுதான் நமக்கு ரொம்ப நெருக்கம்னு எல்லாரும் நம்புனாக. 2006-ல மரபணுவைப் பாத்தா, நெருக்கம் அந்தத் தண்ணி பீச்சுறவன்!

குருசடை மணல்ல பலனோகிளாசசுன்னு ஒரு புழு இருக்குல்ல, அரைநாணி, அதுக்கு நம்ம வம்சத்தாட்டம் செவுள் துளை உண்டு. முதுகுநாணும் உண்டுன்னு சொல்லி பேட்சன்னு ஒருத்தர் பங்காளி வரிசையில சேத்துவிட்டாரு. அப்புறம் பாத்தா அது முதுகுநாணே இல்லை, பத்திரம் செல்லலை. இப்போ தனித் தொகுதி, பக்கத்து வீடு நட்சத்திர மீன்.

நீ பெருமைப்படுற முதுகெலும்பும் அந்தப் பழைய நாண் ஓடுன தடத்துலதான் அடுக்குது. நாண்ல மிஞ்சினது எலும்புக்கு எலும்பு நடுவுல வட்டுக்குள்ள கூழாக் கெடக்கு. போன வருசம் எனக்கு வட்டு பிதுங்கிருச்சுன்னு டாக்டர் படம் காட்டினாரே, பிதுங்கினது அந்த மிச்சந்தான்.

அதனால பரீட்சையில "முதுகெலும்பு இல்லாதவை"யும் "முதுகுநாண் இல்லாதவை"யும் ஒண்ணுன்னு எழுதி வைக்காதே. முதுகுநாணிகளுக்குள்ளேயே முதுகெலும்பு இல்லாத கூட்டம் ரெண்டு இருக்கு, அசிடியன் சேந்த வால்நாணியும் ஆம்பியாக்சசு சேந்த தலைநாணியும். அதைத் தனியாக் கோடு போட்டு எழுது, மார்க்கு விழும்.