கம்பார்ட்மென்ட் கொள்கை: ஒரு திருப்பதி ஆய்வு

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் துபாஷி. பாடகரின் குரலை எண்களாக்கி உள்ளே அனுப்பும். உள்ளிருந்து வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தரும். இதைப் பொருத்தும் விதம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. தத்துவம் மட்டும் திருமலைக்கு ஒருமுறையாவது போய்வந்தவருக்கே விளங்கும் என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்று காண்க. 48 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் விநாடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது எண்கள், பெட்டிக்குள் நுழைகின்றன. திருமலையில் ஒரு நாளுக்கு அறுபது, எழுபதாயிரம் பேர் தரிசனம் செய்கிறார்கள். அதில் பெரும்பகுதிக் கூட்டத்தை இப்பெட்டி ஒரே விநாடியில் நகர்த்திவிடுகிறது, லட்டும் தராமல். நகர்த்தும் முறை என்னவோ ஒன்றுதான். பக்தர்களை வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்ட்டாக உட்காரவைத்து, முறை வந்ததும் கதவைத் திறக்கிறார்கள். கம்ப்யூட்டரும் சாம்பிள்களை அப்படித்தான் அடைத்துவைத்துத் திறக்கிறது. அந்த அறைக்கு ஒலிப்பதிவாளர்கள் வைத்த பெயர் பஃபர்.

இதில் இரு மதங்கள் உண்டு. சிறுபஃபர் மதத்தார் 64 சாம்பிளுக்கு ஒரு கதவு என்பார்கள், காத்திருப்பு 1.3 மில்லிவிநாடிதான். ஆனால் கதவை ஓயாமல் திறந்து மூட வேண்டியிருப்பதால் ப்ராசஸர் திணறி, பதிவில் 'டிக் டிக்' விழும். பெரும்பஃபர் மதத்தார் 1024 என்பார்கள். நெரிசல் இல்லை, ஆனால் போக 21, வர 21 என்று மொத்தம் 43 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் ஒலி காற்றில் ஏறக்குறைய பதினைந்து மீட்டர் போய்விடும்.

சித்தூரில் முட்டை அட்டை ஒட்டிய ஒரு வீட்டறையைக் கற்பனை செய்துகொள்க. காணிப்பாக்கம் பிள்ளையார் மேல் பாட்டு. பல்லவி முடிவதற்குள் பாடகி நிறுத்துகிறார். "அண்ணா, என் குரலு எனக்கே ரெண்டா கேக்குது." "இரும்மா, பஃபரைக் குறைக்கிறேன்." குறைத்ததும் டிக் டிக். ஏற்றினால் மறுபடி ரெண்டு. அரை மணி நேரம் இப்படிப் போனபின், பெட்டியின் முகப்பிலேயே இருக்கும் 'டைரக்ட் மானிட்டர்' பட்டனை யாரோ ஒருவர் அமுக்குவார். குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். வி.ஐ.பி. பிரேக் தரிசனம் என்று இதை வகைப்படுத்தலாம்.

அடுத்தது சுருதிக் கட்டைப் பிரச்சினை. சிடிக்கு 44,100 என்ற எண் வந்ததே வீடியோ டேப்பில் ஒலியை எண்களாகப் பதித்த காலத்தின் மிச்சம்: கோட்டுக்கு மூன்று சாம்பிள், ஃபீல்டுக்கு 245 கோடு, விநாடிக்கு 60 ஃபீல்டு, பெருக்கிப் பார்க்கலாம். அந்த வேகத்தில் பதிந்ததைத் தவறுதலாக 48,000-இல் ஓட்டினால் ஐந்து கட்டைப் பாடகி ஐந்தரையைத் தாண்டி ஆறை எட்டிப்பார்ப்பார். மூன்று நிமிடப் பாட்டில் பதினான்கரை விநாடி காணாமல் போகும். கேட்பவர்கள் சாதகம் பலித்தது என்பார்கள்.

பாட்டைச் சேமிப்பதில் இவ்வட்டாரத்துக்கு முன்னனுபவம் உண்டு. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள் திருமலைக் கோயிலின் ஒரு சிறிய அறையில் பல நூற்றாண்டுகள் கிடந்து, 1922-இல் வெளிச்சத்துக்கு வந்தன. இடையில் ஒருமுறைகூட டிரைவர் அப்டேட் கேட்கவில்லை. ஆனால் செம்பில் வரி இருந்தது, ராகப் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் புதிதாக மெட்டமைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் இன்டர்ஃபேஸோ பாட்டோடு தெருநாயையும் சேர்த்தே பிடிக்கிறது.

கடைசியாக 'உம்ம்' என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே சுழலும் மின்சாரம் ஒலியில் கலக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பாடகியின் ஷட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே 49. ஆக, ஐந்து கட்டைப் பாடகிக்குச் சுவரே சுருதி போடுகிறது, ஒரு மயிரிழை கூடுதலாக. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். அப்போது பேட்டரியில் பன்னிரண்டு சதவீதம் இருக்கும். சரணம் இன்னும் பாக்கி.