கவை சுற்ற வேண்டுமா?

இந்த வயதில் உங்களுக்கு உண்டிவில் எதற்கு என்று தெருவே கேட்டது. கேட்காதவர் என் மனைவியின் அண்ணன் ஒருவர்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் கவலை வேறு. "மாப்ளே, கவை அசையாம நிக்கணுமா, சுத்தணுமா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க."

கொய்யாக் கவட்டையை வெட்டி, பச்சையாக இருக்கும்போதே இரண்டு கொம்பையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைத்து, பட்டையை உரித்து, கண்ணாடிச் சில்லால் இழைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான். அதில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது?

மச்சான் விளக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். ரப்பர் பெரும்பாலும் கட்டுப் போட்ட இடத்தில்தான் அறும். இழுக்கும்போது கொம்பின் விளிம்பில் மடிந்து உரசுகிறது. விட்டதும் எதிர்ப்பக்கம் புரள்கிறது. கொம்பின் உச்சியில் சுழலும் தலை ஒன்றை வைத்தால், இழுக்கிற திசைக்கு அதுவே திரும்பிக்கொள்ளும். ரப்பர் மடியாது, நாள்பட உழைக்கும். "பேரிங் போட்டுரலாம்" என்றார்.

பஞ்சர் கடைக்காரர் தூக்கிப்போட்ட சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டும் ஆயுதத்துக்குப் பேரிங்! ரப்பர் இலவசம்; அது தேயாமல் இருப்பதற்குத்தான் காசு.

செலவு கிடக்கட்டும். சுழலும் தலைக்கு எடை உண்டு. கல்லுக்குப் போகவேண்டிய வேகத்தில் கொஞ்சத்தை அது தின்னும். இரண்டு தலையும் ஒன்றுபோல் திரும்ப வேண்டும். ஒன்று எண்ணெய் குடித்து வழுக்கி, மற்றது துருப்பிடித்து முறைத்துக்கொண்டால் (எங்கள் வீட்டுக் கதவுகளெல்லாம் அந்த ஜாதிதான்) கல் பக்கத்து வீட்டு விசாரிப்புக்குப் போய்விடும். தவிர, உச்சியில் கட்டிய ரப்பர்தான் தானாகவே முன்னும் பின்னும் புரள்கிறதே! கீலின் வேலையை அது கூலி வாங்காமல் செய்கிறது. விளிம்பை நன்றாக உருட்டி இழைத்து, கட்டுக்கு அடியில் ஒரு தோல் துண்டு வைத்தால் தேய்மானமும் குறையும்.

சரித்திரமும் என் பக்கம்தான். 1844இல் சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். உலகத்து மாங்காய்களுக்குச் சனி பிடித்தது அப்போதுதான். பின்னாளில் ஹூலா ஹூப் விற்றுப் பணத்தை அள்ளிய வாம்-ஓ கம்பெனி, 1948இல் கலிபோர்னியாவில் உண்டிவில் விற்றுத்தான் கடை திறந்தது. குறியில் பட்டதும் எழும் சத்தத்தையே கம்பெனிக்குப் பெயராக வைத்தார்கள். அவர்கள் விற்றதும் மரக் கவைதான், சுற்றாத கவைதான்.

இதை நான் வெற்றிக் களிப்போடு சொல்லி முடித்ததும் மச்சான் நிதானமாகக் கேட்டார்: "அவங்ககிட்ட லேத் இருந்துச்சா?"