பசுமை விருதுக்கு ஒரு விண்ணப்பம்

பசுமைத் தொழிலதிபர் விருதுத் தேர்வுக் குழுப் பெரியோர்களுக்கு,

திருப்பூர்ச் சாயப்பட்டறை முதலாளி ஒருவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வதுங்க. ‘சுற்றுச்சூழல் மீது தங்களுக்கு ஆர்வம் பிறந்தது எப்போது?’ என்று படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். விட்டிருக்கும் ஒற்றை வரி போதாததால் இந்தக் கடிதம்.

ஆர்வம் பிறந்தது 2011 ஜனவரி 28. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடி, கரன்ட்டையும் துண்டிக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் அதே நாள்தான் என்பது தெய்வச் செயல். அதற்கு முன்பே லேசாக அரும்பியதும் உண்டு. வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று 2006 டிசம்பரில் அபராதம் போட்டார்களே, அப்போது நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணையில் எங்கள் சாயத்தண்ணீர் தேங்கிக் கிடந்த வருடங்களில் மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

இன்று என் பட்டறைக் கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஆர்.ஓ.வில் வடித்துத் தரும் தண்ணீரிலேயே மறுபடி சாயம் போடுகிறேன். மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சினால் கிடைக்கும் உப்பும் சாயத்துக்கே திரும்புகிறது. லாரித் தண்ணீர்ச் செலவு எவ்வளவு குறைந்தது என்று கணக்கப்பிள்ளை காட்டியதும் இயற்கை அன்னையை நினைத்துக் கண்கலங்கினேன். காய்ச்சுவதற்கு பாய்லரில் எத்தனை விறகு எரிகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது மரியாதையில்லை.

காற்றாலையும் வைத்திருக்கிறேன். போட்ட முதலில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தபோது காற்றின் மீது தீராத பாசம் வந்தது. 2012-இல் அதை 15 ஆக்கினார்கள், பாசம் தீர்ந்தது. 2014-இல் மறுபடி 80 ஆக்கினார்கள், மறுபடி வந்தது.

வாசலில் வேப்பங்கன்றும் இருக்கிறது. வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வரும் நாளில் நானே தண்ணீர் ஊற்றுவேன்.

‘தங்களுக்கு ஊக்கமளித்தவர்’ என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதியிருக்கிறேன். நியாயப்படி வழக்குப் போட்டு எங்களைச் சந்தி சிரிக்க வைத்த நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தின் பெயர்தான் அங்கே வர வேண்டும். அவர்களை விழாவுக்கு மட்டும் அழைத்துவிடாதீர்கள். கெட்டுப்போன கிணறுகளைப் பற்றிப் பேசுவார்கள். பொன்னாடை போர்த்த நேரமிருக்காது.

கடைசியாக, ‘அடுத்த பசுமைத் திட்டம் எது?’ என்கிறீர்கள். அது என் கையிலா இருக்கிறது? அடுத்த வழக்கு, அடுத்த பையர், அடுத்த பட்ஜெட் மூன்றில் எது முந்துகிறதோ, அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தானாகவே முன்வந்த இயற்கை நேசன்