கேம்பர்வேனின் மூன்று தரிசனங்கள்

படுக்கவும் சமைக்கவும் இடமுள்ள மோட்டார் வாகனம் கேம்பர்வேன். இந்த இலக்கணத்தில் யாருக்கும் தகராறு இல்லை. ஊர் சுற்றாத நாட்களில் அது என்னவாக இருக்கிறது என்று கேட்கும்போதுதான் கட்சி பிரிகிறது. ஐரோப்பாவில் இதுபற்றி மூன்று தரிசனங்கள் வழங்குகின்றன. வேலைக்கு ஒரு கார், விடுமுறைக்கு ஒரு கேம்பர்வேன் என இரண்டு பொருள்களை ஒப்புக்கொள்வோர் துவைதிகள். அலுவலகம் போவதும் ஆல்ப்ஸ் போவதும் ஒரே வண்டிதான் என்போர் அத்வைதிகள். வண்டி ஒன்றே, கழற்றி வைக்கக்கூடிய அடுப்பும் அலமாரியும் அதன் விசேஷணங்கள் என்போர் விசிஷ்டாத்வைதிகள்.

மெய்யான சமய வரலாற்றுக்கு மாறாக, இங்கே முன்னே வந்தது விசிஷ்டாத்வைதம். ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. மறு ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமான் தொகுதியை அதற்கென்று செய்தது. வாரமெல்லாம் சரக்கு ஏற்றிய வேனில் அதை வைத்தால் வார இறுதிக்கு வீடு தயார். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன நாட்டில் ஒரு வண்டி வாங்குவதே பெரும்பாடு. துவைதம் கையில் காசு புரண்ட பிறகு தோன்றிய சித்தாந்தம்.

அத்வைதிகளின் மூலப் பிரமாணம் இரண்டு மீட்டர். நகரத்து நிலவறை வாகன நிறுத்தங்கள் பலவற்றின் வாயிலில் தொங்கும் கம்பி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா டி6.1 வண்டியின் உயரம் 1.99 மீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரில் ஒரு தத்துவமே நுழைந்து போகிறது. இரவில் கூரையைத் தூக்கிக்கொள்ளலாம்; பகலில் அது பெரிய கார், அவ்வளவே. துவைதிகள் விரும்பும் ஃபியட் டுகாட்டோ உயர்கூரை வகையோ இரண்டரை மீட்டரைத் தாண்டும். உள்ளே நிமிர்ந்து நின்று பேன்ட் மாட்டலாம் என்பது அவர்கள் தரப்பின் வலுவான வாதம். எதிர்த்தரப்பு இதற்குச் சரியான மறுப்புச் சொன்னதில்லை. நீளத்தில் இரு சாராருமே குற்றவாளிகள். பிரிட்டனில் ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்கும் கட்டம் 4.8 மீட்டர். கலிஃபோர்னியா பத்து சென்டிமீட்டர் துருத்தும், 5.99 மீட்டர் டுகாட்டோவுக்கு அடுத்த கட்டத்திலும் பாத்தியதை வேண்டும்.

அரசுகள் துவைதத்தின் பக்கமே சாய்கின்றன. வேனை மாற்றியமைத்து மோட்டார் கேரவன் என்று பதிய விரும்புவோரிடம் பிரிட்டனின் வாகன உரிமத் துறை வெளித்தோற்றச் சான்றுகள் கேட்கிறது: பக்கவாட்டு ஜன்னல்கள், வெயில்மறைப்புக் கம்பி, இருபுறமும் கேரவன் பாணிச் சித்திரம், உயர்ந்த கூரை. தூக்கி இறக்கும் கூரை, உயர்ந்த கூரையாகாது. உள்ளே படுக்கை இருந்தால் போதாது, வெளியே கோடு போட்டிருக்க வேண்டும். ஜெர்மனியில் 1997 முதல் பருவகால எண்பலகை உண்டு. வரியும் காப்பீடும் பலகையில் பொறித்த மாதங்களுக்கு மட்டுமே. மற்ற மாதங்களில் அந்த வண்டியைத் தெருவில் நிறுத்தவும் கூடாது. ஆகவே துவைதியின் இரண்டாம் பொருள் குளிர்காலம் முழுதும் யாருடைய கொட்டகையிலோ வாடகைக்குக் குடியிருக்கிறது.

நோய்க்கூறும் ஆராயத்தக்கது. சும்மா நிற்கும் வண்டிக்கு பேட்டரி இறங்கும், பிரேக் வட்டு துருவேறும், டயர் ஓடாமலே கிழடாகும். தினமும் ஓட்டினால் இவை வராது, வேறு வரும். பள்ளிக்கும் கடைக்குமாகக் குறுந்தூரமே ஓடும் டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்கிறது. நெடுந்தூரம் ஒரு தடவை விரட்டி ஓட்டுவதே மருந்து. விடுமுறை கேட்க இதைவிட நாணயமான காரணம் கிடையாது. மழையில் நனைந்த கூரைத் துணியை மடக்கி வந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஞாயிறு இரவு வீட்டு வாசலில் கூரையைத் தூக்கிக் காயவைப்பதும் அத்வைதியின் நித்திய கர்மங்களில் ஒன்று. திங்களன்று கரண்டிகள் டிராயரில் தாளம் போட, முந்தைய நாளின் வெங்காய வாசனையோடு அவர் அலுவலகம் சேர்கிறார்.

முடிவு செய்யும்போது பெரும்பாலோர் பயண இரவுகளையே எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியவை மீதி நாட்கள். தினப்படி வேலைக்கு ரயிலிலோ பேருந்திலோ போகிறவருக்கு இரண்டு மீட்டர்ப் பிரமாணத்தால் பயனில்லை. அவர் கொட்டகை தேடலாம். நிலவறையில் வண்டி நிறுத்தும் அடுக்ககவாசிக்கு அதைத் தவிர வேறு பிரமாணமே இல்லை. ஐந்து பேர் அமர்ந்து போகும் குடும்பத்துக்குக் கலிஃபோர்னியாவின் சமையலறை இல்லாத ‘பீச்’ வகையும், பின்கதவில் வைத்து எடுக்கும் அடுப்புப் பெட்டியும் போதும்.

புறனடையாக ஒன்று. கூடாரத் தளத்தில் மின்கம்பி மாட்டி, வெயில்மறைப்பை விரித்து, படுக்கையும் போட்டாகிவிட்டது. காலையில் பால் இல்லை. வாங்கி வர வேண்டுமானால் வீட்டையே மடித்துக் கிளம்ப வேண்டும். இதனால் அத்வைத வண்டிகள் பலவற்றின் பின்புறம் சைக்கிள் தாங்கி பொருத்தப்பட்டிருக்கிறது. சைக்கிளும் வாகனமே என்ற துவைதிகளின் ஆட்சேபத்துக்கு அந்தத் தரப்பிலிருந்து இன்னும் உரை வரவில்லை.