கண்வலிக்கிழங்கு: வீட்டு வைத்தியருக்கு ஒரு விரைவுப் பயிற்சி

மூட்டுவலிக்கு டாக்டர் வேண்டாம், வேலியில் கிடைக்கும் மூலிகையே போதும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அந்த உறுதி குலையாமல் உங்களைக் கடைசிவரை கூட்டிப்போவது என் பொறுப்பு. எடுத்துக்கொண்டிருப்பது கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும்போது முதல் இடம் கொடுத்தது இதற்குத்தான். இத்தனை மரியாதை பெற்ற கொடி உங்களுக்குக் கெடுதல் செய்யுமா என்ன?

1. அடையாளம் பார்க்காதீர்கள்.

பூ இருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்: அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பூக்காலத்தில் தோண்டாதீர்கள். கொடி காய்ந்து சருகாகி, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் மிஞ்சும்வரை பொறுங்கள். வீட்டுத் தோட்டம் என்றால் சர்க்கரைவள்ளிப் பாத்தியை ஒட்டியே நட்டுவிடுங்கள். இலங்கையில் இந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அவித்தால் விஷம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். உள்ளே இருக்கும் கோல்சிசின் என்ற விஷத்துக்குத்தான் அந்த விவரம் தெரியாது.

2. சுத்தி செய்யாதீர்கள்.

ஆயுர்வேதம் இதை லாங்கலி என்கிறது; உபவிஷங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. சித்த வைத்தியரும் சுத்தி செய்யாமல் தொடமாட்டார். உங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? குழாயடியில் மண் போகக் கழுவினால் அதுவும் சுத்திதான். பாட்டி வைத்தியத்தை வாய் நிறையப் புகழுங்கள். பாட்டி பயந்த பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள். தேள் கடித்த இடத்தில் அரைத்து மேலே பற்றுப் போட்டார்கள் என்று ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். அது உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது ‘மேலே’ காணாமல் போயிருக்கும். தேடாதீர்கள்.

3. மாத்திரைக்குப் பயப்படுங்கள், கிழங்கை நம்புங்கள்.

இந்தப் பாடத்தை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கிய பெரியப்பாவுக்கு டாக்டர் கோல்சிசின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அரை மில்லிகிராம் மாத்திரை. ‘எல்லாம் கெமிக்கல்’ என்று சொல்லித் தூக்கி எறியச் சொல்லுங்கள். 1820இல் பிரான்சில் பெல்லெட்டியேவும் காவெந்தூவும் ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. அந்தச் செடி நம் செங்காந்தளுக்கு உறவு, ஒரே குடும்பம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் இந்தக் கொடியை ஏற்றிவிட்டு, விடிந்ததும் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து விதை எடுக்கிறார்களே, அந்த விதை விலைபோவதும் கோல்சிசினுக்காகத்தான். ஆக, அதைப் பிரித்து, அளந்து, சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் குறைத்து, டாக்டர் சீட்டோடு கொடுத்தால் விஷம். எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாத கிழங்கை, ஒன்றுக்கொன்று அளவு மாறும் கிழங்கை, அம்மியில் வைத்து அரைத்தால் இயற்கை. பக்கவிளைவே இல்லை என்று மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் யாரும் ஃபார்வர்டு செய்யமாட்டார்கள்.

4. பேனையும் விடாதீர்கள்.

இலைச்சாற்றைத் தலையில் தேய்த்துப் பேன் ஒழிப்பது பழைய கைவைத்தியம். நீங்கள் அதோடு நிற்பவரா? கோல்சிசின் செல்கள் பிரிவதைத் தடுத்துவிடும். வேகமாகப் பிரியும் செல்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் முதலில் அடி விழும்: குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர். கிழங்கைத் தின்று பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். பேன் குடியிருக்க இடமே மிஞ்சாது. (விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கவும் செல்லைக் குழப்பும் இந்தக் குணம்தான் உதவியது. ஆனால் அதைச் செய்தவர்கள் விஞ்ஞானிகள், பயந்தவர்கள், கையுறை போடுவார்கள்.)

5. கையுறைக்குச் செலவழிக்காதீர்கள்.

கிழங்கை வெட்டிய கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரியுங்கள். கூலிக்கு வந்தவர்களிடம் எதையும் சொல்லாதீர்கள். கேட்டால் அவர்களுக்கும் கையுறை வாங்கித் தர வேண்டியிருக்கும். மிச்சமான கிழங்கு சமையலறையில் உருளைக்கிழங்குக் கூடையிலேயே கிடக்கட்டும்.

6. வேலியில் ஒரு கிழங்குகூட விடாமல் தோண்டுங்கள். பிறகு கார்த்திகையில், ‘இந்தப் பூவையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்’ என்று ஸ்டேட்டஸ் போடுங்கள்.

7. வாந்தி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

தின்ற முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. மருந்து ஒத்துக்கொண்டது என்று குழுவில் எழுதுங்கள். அப்புறம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல் வரும். உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது என்று எழுதுங்கள். அடுத்து சிறுநீரகம், இதயம், இரத்த அணுக்கள் என்று வரிசையாக இறங்கும். அதை எழுத உங்களால் முடியாது, வேறு யாராவது எழுதுவார்கள்.

பயிற்சியைப் பாதியில் கைவிட நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாராவது இந்தக் கிழங்கைத் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கையும் கையோடு கொண்டுபோங்கள், என்ன தின்றார் என்று டாக்டருக்குத் தெரியட்டும். இதற்கென்று முறிமருந்து எந்த ஆஸ்பத்திரி அலமாரியிலும் இல்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் டாக்டர்களால் ஏதாவது செய்ய முடியும்.